அத்தை போய்வந்த இடங்கள்

'கனவு கண்டேன்' என்று அத்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. 'போயிருந்தேன்' என்றுதான் சொல்வாள்.

விடிகிற நேரத்தில் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். அத்தை முகம் கழுவி, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒரு வாய் நீராகாரம் உள்ளே போன பிறகு, ராத்திரி பனமலை ஏரிக்கரைக்குப் போயிருந்தேன் என்று ஆரம்பிப்பாள். வாரச் சந்தைக்குப் போய்வந்தவள் யார் யார் வந்திருந்தார்கள், கத்தரிக்காய் எப்படி இருந்தது என்று சொல்வாளே, அப்படியொரு குரல். ஏரி நிறையத் தண்ணீர் கிடந்தது, தண்ணீர்மேல் அப்பா நடந்து போனார், கால் நனையவில்லை, ஆனால் ஆள் இளைத்துப் போயிருக்கிறார் என்பாள். அவள் சொல்லும் அப்பா செத்துப் பல காலம் ஆகியிருக்கும். என் அப்பா அதைக் கேட்டுக்கொண்டே மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவார். அடுத்த வாரமே தாத்தாவின் ஆன்மாவுக்காகக் கோயிலில் ஒரு பூசைக்குச் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான மறு வருஷமே புருஷனை இழந்து, வெள்ளைப் புடவையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் விதவைக்கு மறுமணம் செய்யத் தடை கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் அப்படி யாரும் செய்ததில்லை. அதனால் அவளுக்கும் செய்யவில்லை. உயரமானவள். காது வளர்த்து நகை போடாமல் விட்டதால் காதுமடல் தோள் நோக்கித் தொங்கும். நடக்கும்போது எதிரே வருகிறவர்களைப் பார்க்கமாட்டாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் யாரோ வருவதுபோல் தூரத்தில் பார்வையை வைத்திருப்பாள். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் அக்கா, மீதிப் பேருக்கு அத்தை. பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்ட ஆட்கள் எல்லாம் அவளுடைய ராத்திரிகளில்தான் இருந்தார்கள்.

எங்கள் ஊர் முகையூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நிலம் வைத்திருந்த வேதக்காரக் குடும்பங்கள் நாங்கள். பக்கத்துத் தெருவில் எங்களைப் போலவே நிலம் வைத்திருந்த இந்துக் குடும்பங்கள். நடவுக்கும் கதிரறுப்புக்கும் நாங்களும் அவர்களும் ஒன்றாகத்தான் நாள் பார்த்தோம். நாள் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு தெருக்காரர்களும் அத்தையிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் அப்படி வந்ததற்குக் காரணம் உண்டு. ஒருமுறை வேர்க்கடலை போடும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் கிணறு வெட்டி வெட்டி அப்பாவுக்குக் கை ஓய்ந்துபோனது. பாறைதான் வந்தது. ஒருநாள் காலையில் அத்தை, கொல்லையின் வடக்கு மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், கேப்பைக் கூழ் மாதிரி குளிர்ச்சி என்றாள். அப்பா வடக்கு மூலையில் வெட்டினார். தண்ணீர் வந்தது. இன்னொரு முறை மாரியம்மன் கோயில் தெருவில் ஒருவருடைய எருது காணாமல் போனது. பனமலைப் பக்கம் கருவேலங்காட்டில் அது படுத்து அசைபோடுவதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள். அங்கேதான் இருந்தது. எங்கள் வேதக் கோயில் நாட்டாமையின் பேரனுக்கு விஷக் காய்ச்சல் வந்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். பையன் வாசலில் ஓடியதைப் பார்த்தேன் என்று அத்தை சொன்னாள். பையன் பிழைத்தான். நாட்டாமை ஒரு புடவை வாங்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார். அதை அவள் அடுத்த நாளே யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

அவள் சொல்லி நடக்காத விஷயங்களும் இருந்திருக்க வேண்டும். அவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

என் சிறுவயதில் எங்கள் கோயிலில் இருந்த பங்குச் சாமியார் வெண்தாடி வைத்த வெள்ளைக்காரர். அத்தையைப் பற்றிச் சிலர் அவரிடம் போய்ச் சொன்னபோது, ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்று சிரித்தாராம். ஆனால் அவரும் ஊரை விட்டுப் போவதற்கு முன்னால், தன் அம்மாவை எங்கேயாவது பார்த்தாயா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். அத்தை உண்மையைச் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் தனக்குத் தெரியாது, அதனால் பார்த்திருந்தாலும் சொல்லத் தெரியாது என்றாள்.

இனி நான் சொல்லவேண்டியது எங்கள் கோயிலைப் பற்றி. சிலுவை வடிவத்தில் கட்டிய கோயில் அது. நீளமான நடுப்பகுதி எங்களுக்கு. தெற்கே நீண்டிருந்த கை சேரி ஆட்களுக்கு. அவர்களும் வேதக்காரர்கள்தான். எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் வாங்கிய அதே காலத்தில், அதே சாமியார் கையால் வாங்கியவர்கள். அவர்களுக்கு வாசல் தனி. நடுவில் இடுப்பளவுக்கு மரக் கிராதி. பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை நாங்கள் வாங்கி முடித்த பிறகு அவர்கள் வாங்குவார்கள். மே மாதத்தில் மாதா திருவிழா வரும். தேர் என்று சொல்வோமே தவிர அதற்குச் சக்கரம் கிடையாது. இளவட்டங்கள் தோளில் சுமக்கும் சப்பரம்தான். அது எங்கள் தெருக்களைச் சுற்றி, மாரியம்மன் கோயில் தெரு வழியாகவும் போகும். அங்கே இந்துப் பெண்கள் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். மாதா அவர்கள் வாசலில் எல்லாம் நின்று நின்று வருவாள். சேரிக்குப் பிரிகிற வழியில் மட்டும் தேர் திரும்பாது. சேரி ஆட்கள் அந்த முனையில் கூட்டமாக நின்று, மெழுகுவர்த்தியோடு பார்த்துவிட்டுப் போவார்கள். மழை மேற்கிலிருந்து வருவதுபோல அதுவும் ஒரு வழக்கம் என்றுதான் நாங்கள் இருந்தோம்.

அறுபதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் தங்கி டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தேன். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய சமயம். அதுவரை எங்களுக்கு முதுகைக் காட்டிப் பூசை வைத்த சாமியார்கள் மக்களைப் பார்த்துத் திரும்பி நிற்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு ஓர் இளம் சாமியார் வந்திருந்தார், தமிழர். திரும்பி நின்ற பிறகு கிராதியின் இரண்டு பக்கமும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பிரசங்கத்தில் இரண்டொரு முறை அதைப் பற்றிச் சொன்னார். எங்கள் ஆட்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். கொடியேறி இரண்டொரு நாள் ஆகியிருக்கும். காலையில் அத்தை வழக்கம்போல் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் நீராகாரத்தைத் தொடவில்லை.

"மாதா நடந்து போய்க்கினு இருந்தாங்க," என்றாள். "தேர் இல்ல, காலுல ஒண்ணும் இல்ல. சேரிக்குப் போற முனையில நின்னுட்டாங்க. நான் கிட்டப் போனேன். இந்த வழியா என்னை யாரும் கூட்டிக்கினு வந்ததே இல்ல, எனக்கு வழி தெரியல, நீ முன்னால போன்னாங்க. நான் முன்னால போனேன். மண்ணு சுட்டுது. அவங்க பின்னாலயே வந்தாங்க."

அம்மாவின் கையில் இருந்த அகப்பை பானைக்குள் அப்படியே நின்றது. வாசல்படியில் உட்கார்ந்திருந்த அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் கொல்லைக்குப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் காலையில் பேசுவதைக் கேட்கக் காத்திருக்கும் காதுகள் எப்போதும் இருந்தன. சாயங்காலம் நாட்டாமை வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பேரன் பிழைத்த நாளிலிருந்து அவள் முன்னால் அவர் நாற்காலியில் உட்காருவதில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய முகத்தில் அன்று உண்மையான கலக்கம் இருந்தது. அவர் மெதுவாகப் பேசினார். சில சமயம் பிசாசுகூட மாதா உருவத்தில் வரும் என்று பழைய சாமியார் சொல்லியிருக்கிறாரே என்றார். வெயில் காலத்தில் உடம்புச் சூட்டுக்கு ஏதேதோ தோன்றும் என்றார். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் பாத்ததத்தான் சொன்னேன் தம்பி. கெணத்துக்கும் இப்பிடித்தான் சொன்னேன்."

"கெணறு வேற அக்கா. தேர் வேற."

அவர் போன பிறகு, தேர் எப்படி வேறு என்று அத்தை என்னிடம் கேட்டாள்.

மறுநாள் சவேரியம்மாள் வந்தாள். எங்கள் கொல்லையில் களையெடுக்க வருகிறவள், சேரியில் கோயில் பக்கமாக வீடு. அன்று களை வேலை இல்லை. மாட்டுக் கொட்டகை ஓரமாக வந்து நின்று, அத்தையைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன். சேரி ஆட்கள்தான் அத்தைக்குச் சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டதாம். கதிரறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொள்வோம் என்று யாரோ சொன்னார்களாம். சேரியில் ஆண்கள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள்.

"மாதா வந்தா எங்களுக்குச் சந்தோசந்தான்ம்மா," என்றாள். "அவங்க வருவாங்க, போயிடுவாங்க. நாங்க இங்கதான இருக்கணும்."

அத்தையின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. தூக்கத்தில் நடந்து போகிறவளைத் தோளில் தட்டி நிறுத்தினதுபோல் இருந்தது. இதை அவள் யோசித்திருக்கவே இல்லை. போய்வந்த இடங்களைச் சொல்வாளே தவிர, சொன்னதால் யாருக்கு என்ன ஆகும் என்று அவள் எந்த நாளும் பார்த்ததில்லை. உனக்கு மாதா வரணுமா வேண்டாமா, அதைச் சொல்லு என்று கேட்டாள்.

சவேரி தரையைப் பார்த்துக்கொண்டே தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். மாமியாருக்குக் கண் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, முனை வரைக்கும் நடக்கவும் முடியாது. திருவிழா அன்றைக்குப் பாயில் உட்கார்ந்துகொண்டு, வேட்டுச் சத்தம் எங்கே கேட்கிறது, தேர் இப்போது எந்தத் தெருவில் இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாளாம். இவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். அவ்வளவுதான் சவேரி சொன்னது. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் போய்விட்டாள்.

இளம் சாமியார் விழுப்புரம் போய்ப் பெரிய சாமியார்களைப் பார்த்துவிட்டு வந்தார். தேர் வழக்கமான பாதையில் போகும் என்று பூசையில் அறிவித்தார். அறிவித்தபோது அவர் எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தார். பூசை முடிந்து அத்தையைக் கூப்பிட்டு, நிஜமாகவே பார்த்தீர்களா என்று கேட்டாராம். பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்கிறீர்களா, சும்மா கேட்கிறீர்களா என்று அத்தை திருப்பிக் கேட்டாளாம். அவர் உள்ளே போய்விட்டார்.

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தேர் புறப்பட்டது. மேளம், வேட்டு, செபமாலை. அத்தை பெண்கள் கூட்டத்தோடு கையில் மெழுகுவர்த்தி பிடித்து நடந்து வந்தாள். அப்பா சில நாளாக அவளிடம் பேசவில்லை. ஆனால் அன்று அவளை எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே நடந்தார். மாரியம்மன் கோயில் தெருவில் தேங்காய்கள் உடைந்தன. கற்பூரப் புகையில் மாதா சுரூபத்தின் முகம் தெரிந்தும் மறைந்தும் வந்தது. தேர் சேரி முனைக்கு வந்தது. அந்த வருஷம் முனையில் யாரும் நிற்கவில்லை. பயந்து வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

அத்தை சத்தம் போடவில்லை. தேரை மறிக்கவும் இல்லை. கூட்டத்தை விட்டுப் பிரிந்து தேருக்கு முன்னால் போனாள். அந்த முனையில் திரும்பி, சேரிக்குப் போகும் மண்பாதையில் நடக்கத் தொடங்கினாள்.

தேர் நின்றுவிட்டது. செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் குரல் தேய்ந்துபோனது. எல்லாரும் அந்த வெள்ளைப் புடவையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கிவிட்டாலும் மண்ணிலிருந்து அனல் எழுந்து, அவள் உருவம் தண்ணீருக்குள் தெரிவதுபோல் அசைந்தது. முன்வரிசையில் தேர் சுமந்த ஒருவனுடைய கால் அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். நாட்டாமை அவனைத் தொட்டு, நேரே போகச் சொன்னார். தேர் நேரே போனது. மேளம் மறுபடி எழுந்தது.

நான் அத்தைக்குப் பின்னால் ஓடினேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சேரியில் வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவளைப் பார்த்தார்கள், அவளுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த பாதையைப் பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள். ஒருவர் கோபமாக, இந்தம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ, எங்களுக்கு எதற்கு இந்தப் பேஜார் என்று என்னிடம் சொன்னார். அத்தை சவேரியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே பாயில் சவேரியின் மாமியார் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் தூக்கினாள்.

"வந்துட்டாங்களா?"

சவேரி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை, வந்துவிட்டார்கள் என்றாள்.

"வேட்டு தூரமாக் கேக்குதே?"

"வேட்டு அந்தப் பக்கமாப் போவுது," என்றாள் அத்தை. "இவங்க இந்தப் பக்கமா வந்துட்டாங்க."

அந்தக் கிழவி கை கூப்பினாள். வெளியே யாரோ ஒரு பெண் தாழ்ந்த குரலில் செபமாலை தொடங்கினாள். இன்னும் சில குரல்கள் சேர்ந்துகொண்டன. கோபமாகப் பேசியவரும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். சவேரி அத்தையின் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கி மாமியார் முன்னால் வைத்தாள். கண் தெரியாதவள் அதன் சூட்டைக் கையால் தேடிக் கண்டுபிடித்து, கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன், நிஜமாகவே அவர்கள் வந்தார்களா என்று.

"நான் திரும்பிப் பாக்கவே இல்ல," என்றாள் அத்தை. "பாத்தா போயிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சி."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டின் காலைகள் மாறிவிட்டன. அத்தை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீராகாரம் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. ராத்திரி எங்கே போயிருந்தீங்க அண்ணி என்று ஒருநாள் தானே கேட்டிருக்கிறாள். எங்கேயும் போகவில்லை என்று பதில் வந்ததாம். கோயிலில் அத்தை எங்களோடு உட்காரவில்லை. தெற்கு வாசல் வழியாக உள்ளே போய் சவேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் சிலர் சேரி ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அப்பா மட்டும் அந்த வாரமே சவேரிக்கு ஆள் அனுப்பிக் களைக்கு வரச் சொன்னார். அக்காவோடு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்த தை மாதத்தில் நாட்டாமையின் உழவு மாடுகள் இரண்டும் காணாமல் போயின. அவர் வந்து பழையபடி தரையில் உட்கார்ந்தார். எங்கேயாவது போயிருந்தீங்களா அக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இப்பொழுதெல்லாம் எங்கேயும் போவதில்லை தம்பி என்றாள் அத்தை. அந்தக் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே போகவில்லையா, போய்வந்து சொல்லாமல் வைத்துக்கொண்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் அவள் முகம் மட்டும் முன்னைப் போலத்தான், தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் இருந்தது.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஐப்பசியில் அவள் இறந்துபோனாள். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடியிருக்கவில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் நடுவில் ஒரு சுவர் உண்டு. ஆள் உயரத்துக்கும் மேலே, செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் சேரி ஆட்களின் கல்லறைகள். எங்கள் குடும்பத்துக் கல்லறைகள் எல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அத்தைக்கு இடமும் இருந்தது. ஆனால் அங்கே குழி வெட்டியிருக்கவில்லை. தோட்டத்தின் கோடியில், சுவரை ஒட்டி வெட்டியிருந்தார்கள். ஈர மண்ணைச் சுவர் ஓரமாகவே குவித்திருந்தார்கள். நாட்டாமை அப்பாவிடம் வந்து, அங்கே உங்கள் அப்பா பக்கத்தில் இடம் இருக்கும்போது இங்கே எதற்கு என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இங்கதான்," என்றார் அப்பா. அக்காவைப் பறிகொடுத்து நிற்பவரோடு யாரும் வாதாடவில்லை.

சாமியார் செபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். பெட்டியை இறக்கினோம். ஒவ்வொருவராக மண் போட்டோம். எல்லாரும் போட்டு முடித்து, மண்வெட்டிக்காரர்கள் முன்னால் வந்தபோது, சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பிடி மண் மேலே எழுந்து வந்து பெட்டியின்மேல் விழுந்தது. பிறகு இன்னொரு பிடி. முகம் யாருடையதும் தெரியவில்லை. சுவரின் மேல் விளிம்பில் கைகள் மட்டும் எழுந்து, விரிந்து, மறைந்தன. வளையல் போட்ட கைகள், போடாத கைகள். நாட்டாமை அப்பாவைப் பார்த்தார்.

சுவருக்கும் குழிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார் அப்பா. அவருடைய தலையிலும் தோளிலும் மண் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. மண் நேராக உள்ளே விழட்டும் என்று சற்று விலகி நின்றார்.